பூசை நிற்காத திருப்பணி

டெபியன், உபுண்டு முதலிய லினக்ஸ் வழங்கல்களை உபயோகிப்பவர் எவராயினும், வாரத்துக்கு ஒருமுறையேனும் கருந்திரையின்முன் அமர்ந்து இரண்டு சிறு கட்டளைகளைத் தட்டச்சிட்டுப் பழகியிருப்பார். முதலாவது ‘ஆப்ட் அப்டேட்’. இரண்டாவது ‘ஆப்ட் அப்கிரேட்’. ஒலியில் நெருங்கி நிற்கும் இவ்விரண்டையும் ஒரே காரியத்தின் இரு பெயர்கள் என்று கருதுவோர் பலர். முதற்கட்டளையை மட்டும் இட்டு, திரையில் வரிகள் மளமளவென்று ஓடக் கண்டு, தம் கணினி புதுமையடைந்துவிட்டது என்னும் நிம்மதியோடு எழுந்து சென்றவர்களை நான் அறிவேன். உண்மையில் அவர்களுடைய கணினியில் ஒரு மென்பொருளும் மாறியிராது. முதற்கட்டளை செய்வதெல்லாம், உலகில் எது மாறியிருக்கிறது என்ற செய்தியைக் கொணர்வதே. மாறியதை வாங்கிவந்து வீட்டில் வைப்பது இரண்டாவதன் வேலை. அறிதலும் செய்தலும் இப்படி இரு வேறு கட்டளைகளாகப் பிரிந்து நிற்பதில் ஆழ்ந்த யோசனை ஒன்று அடங்கியிருக்கிறது. முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோரின் உழைப்பை நம் வீட்டுக்குள் அனுமதிப்பதற்கு முன், அந்த நம்பிக்கையைப் படிக்குப் படி சோதித்துப் பார்க்க இடம் வைத்த யோசனை அது.

மாற்றப்படும் பொருளை முதலில் கையிலெடுத்துப் பார்ப்போம். லினக்ஸ் உலகில் அதற்குப் பேக்கேஜ் என்று பெயர். தமிழில் எழுதும் கட்டற்ற மென்பொருள் அன்பர்கள் ‘பொதி’ என்கின்றனர், பொருத்தமான சொல்லே. டெபியன் பொதி ஒன்றை அவிழ்த்தால் உள்ளே மூன்று முடிச்சுகள் இருக்கும். முதல் முடிச்சில் ‘2.0’ என்ற எண்ணைத் தவிர வேறொன்றும் இராது. இந்தப் பொதி எந்த முறைப்படி கட்டப்பட்டது என்பதை அது அறிவிக்கிறது. இரண்டாவது, பொதியின் ஜாதகம் என்னலாம். அதன் பெயர், பதிப்பெண், கட்டியவர் யார், வேறு எந்தெந்தப் பொதிகள் உடனிருந்தால்தான் இது இயங்கும், எவற்றோடு இதற்கு ஒத்துவராது என்ற விவரங்களும், நிறுவுவதற்கு முன்னும் பின்னும், நீக்குவதற்கு முன்னும் பின்னும் தானாக நடக்கவேண்டிய காரியங்களைக் கூறும் சிறு நிரல்களும் அதில் அடங்கும். மூன்றாவதுதான் சரக்கு: கணினியின் அடைவுகளில் எந்தெந்தக் கோப்பு எங்கெங்கே அமரவேண்டுமோ, அந்தந்த இடத்துக்குரிய பாதையோடு சுருக்கிக் கட்டப்பட்ட கோப்புகள்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் பிறந்ததன்று. 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இயங்குதளத்தின் கருவாகிய லினக்ஸ் கெர்னலை வெளியிட்ட தொடக்க காலத்தில், ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் அதன் மூலநிரலைத் தேடிப் பிடித்து, தாமே தொகுத்து, தாமே உரிய இடங்களில் நகலெடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். அதில் தேர்ச்சி பெற்றவருக்கு அது இன்பமான பொழுதுபோக்கு. மற்றவருக்கோ கடக்க முடியாத மதில். அதனினும் பெரிய சங்கடம், வைத்ததை எடுப்பது. ஒரு மென்பொருள் எந்தெந்தக் கோப்புகளை எங்கெங்கே இறைத்துச் சென்றது என்பதற்குக் கணக்கே இல்லாதபோது, பழையதை அகற்றிப் புதியதை அமர்த்துவது எவ்வாறு? 1993 ஆகஸ்டில் அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஐயன் முர்டாக் டெபியன் என்னும் வழங்கலை அறிவித்தார். டெப்ரா என்னும் தம் அன்புக்குரியவரின் பெயரையும் ஐயன் என்னும் தம் பெயரையும் இணைத்து அவர் உண்டாக்கிய பெயர் அது. ஒருவரே எல்லாவற்றையும் கட்டாமல், ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர் பொறுப்பேற்க, பலர் கூடி இழுக்கும் தேராக அதை அவர் வகுத்தார். பொதிகளை அவிழ்த்து வைக்கவும், வைத்தவற்றுக்குக் கணக்கெழுதவும் ‘டிபிகேஜி’ என்ற கருவி தோன்றியது. எது எதற்குத் தேவை என்று ஆராய்ந்து, வலையின் வழியே தானே தருவித்து, டிபிகேஜியின் கையில் கொடுக்கும் ‘ஆப்ட்’ என்னும் மேலாளர், 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1 பதிப்போடு மக்கள் கைக்கு வந்தது. 1996-இல் டெபியனின் 1.1 பதிப்பில் ஐந்நூற்றுக்கும் குறைவான பொதிகளே இருந்தன. 2025 ஆகஸ்டில் வெளிவந்த ‘டிரிக்ஸி’ என்னும் பதிமூன்றாம் பதிப்பிலோ ஏறத்தாழ 70,000. இத்தனையையும் இணைத்து நிறுத்துவது அந்த இரண்டு கருவிகளும், முறை தவறாமல் எழுதப்பட்ட ஜாதகங்களுமே.

முதற்கட்டளையை இட்டதும் என்ன நிகழ்கிறது? திரையில் சில வரிகள் ‘ஹிட்’ என்று தொடங்கும். அந்தப் பட்டியலில் மாற்றம் இல்லை, நம்மிடம் உள்ள பிரதியே போதும் என்று அதற்குப் பொருள். சில ‘கெட்’ என்று தொடங்கும். புதிய பட்டியல் இறங்குகிறது என்று பொருள். முடிவில், இத்தனை பொதிகளை மேம்படுத்தலாம் என்ற ஓர் எண்ணிக்கை மட்டும் கிடைக்கும். இந்தச் சில வினாடிகளில், கணினியியலில் நான் மிகவும் மதிக்கும் பிரமாணச் சங்கிலி ஒன்று சத்தமின்றிச் சரிபார்க்கப்பட்டுவிடுகிறது. ஆப்ட் முதலில் தருவிப்பது ஒரு சிறு கோப்பு. அதில், பொதிகளைச் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியத்தின் பொதிப்பட்டியல்கள் ஒவ்வொன்றுக்கும் உரிய ‘ஹேஷ்’ என்னும் சுருக்கக் குறி எழுதப்பட்டிருக்கும். கோப்பில் ஒரே ஒரு காற்புள்ளி மாறினாலும் அடையாளம் தெரியாதபடி மாறிவிடும் இயல்புடைய, 64 எழுத்துகள் நீண்ட குறி அது. அந்தச் சிறு கோப்பின்மீது டெபியன் களஞ்சியத்தாரின் மின்னொப்பம் இருக்கும். ஒப்பம் உண்மையானதா என்று சோதிக்கும் பொதுத்திறவுகோல், கணினியை நிறுவிய நாளிலேயே நம் வட்டில் வைக்கப்பட்டுவிட்டது. ஒப்பம் சரியாயின் சிறு கோப்பு நம்பத்தக்கது. அதிலுள்ள குறியோடு ஒத்துப்போவதால் பொதிப்பட்டியல் நம்பத்தக்கது. பட்டியலில் ஒவ்வொரு பொதிக்கும் எதிரே அதன் குறி எழுதப்பட்டிருத்தலால், பின்னர் இரண்டாம் கட்டளை தருவிக்கும் பொதியும் நம்பத்தக்கது.

இதனால் விளையும் பயன் பெரிது. பொதி எவர் கையிலிருந்து வந்தது என்ற கேள்விக்கே முக்கியத்துவம் போய்விடுகிறது. உலகெங்கும் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் தருமமாக நடத்தும், மூலக் களஞ்சியத்தை அப்படியே பிரதிபலிக்கும் கண்ணாடிக் களஞ்சியங்களிலிருந்து நாம் பொதிகளை இறக்குகிறோம். அவற்றுள் ஒன்றைத் தீயவன் கைப்பற்றி, பொதியின் உள்ளே ஒரு வரியை மாற்றி வைத்தாலும், குறி பொருந்தாமல் ஆப்ட் அதை ஏற்க மறுத்துவிடும். பழைய, ஓட்டையுள்ள பட்டியலையே உண்மையான ஒப்பத்தோடு திரும்பத் திரும்பத் தந்து, புதிய திருத்தங்கள் வந்த செய்தியை நம்மிடமிருந்து மறைத்துவிடலாமே என்று ஒருவன் எண்ணக்கூடும். அதற்கும் ஏற்பாடு உண்டு. பாதுகாப்புத் திருத்தங்களுக்கான களஞ்சியத்தின் ஒப்பமிட்ட கோப்பில் காலாவதித் தேதி ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. அது கடந்துவிட்டால் ஆப்ட் குரல் எழுப்பும். ‘ஒப்பத்தைச் சரிபார்க்க இயலவில்லை’ என்ற எச்சரிக்கையைத் திரையில் கண்டும், அதை ஒதுக்கித் தள்ளும் விசையைத் தட்டிவிட்டு மேலே செல்பவர்கள், இத்தனை பேர் கூடிக் கட்டிய கோட்டையின் திட்டிவாசலைத் தாமே திறந்துவைக்கிறார்கள். அவசரத்தில் அதைச் செய்யவேண்டாம் என்று என் நண்பர்களிடம் நான் மன்றாடியே கேட்டுக்கொள்வது வழக்கம்.

பட்டியல் வந்தபின், நம்மிடமுள்ளதைவிடப் புதியது எது என்று காணவேண்டும். எளிய ஒப்பீடு போலத் தோன்றும். ஆனால் இதிலும் சூட்சுமங்கள் உண்டு. பள்ளிக்கணக்கின்படி 1.9 பெரிது, 1.10 சிறிது; பதிப்பெண்களின் உலகிலோ ஒன்பதாவதற்குப் பின் பத்தாவது வருவதால் 1.10-தான் புதியது. எண்ணுக்குப் பின் அலைபோன்ற ஒரு குறியை இட்டு எழுதினால், அந்த எண்ணுக்கும் முந்தியது என்று பொருள். முழுமையடையாத முன்வெளியீடுகளுக்கு அவ்வாறு எழுதுவர். மென்பொருளை ஆக்கியவர் ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து எண்ணிட்டு வந்து, திடீரென்று மனம் மாறி, ‘இனி 1.0’ என்று தொடங்கினால், இயந்திரத்தின் கண்ணுக்குப் புதியது பழையதாகிவிடும் அல்லவா? அதற்காகப் பதிப்பெண்ணின் முன்னே முக்காற்புள்ளி இட்டு இன்னோர் எண்ணைச் சேர்க்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ‘எபாக்’ என்று பெயர். சகாப்தம் என்று நான் சொல்வேன். சாலிவாகன சகத்தில் எழுதிய ஆண்டெண்ணையும் கிறிஸ்து சகாப்தத்தில் எழுதிய ஆண்டெண்ணையும் அப்படியே ஒப்பிடலாகாது என்பது போல, சகாப்தம் வேறானால் அதன் பின்னுள்ள எண்ணைப் பார்க்கவே வேண்டுவதில்லை.

பதிப்பெண் பின்னோக்கிச் செல்லாது என்ற இந்த நியதி எத்தனை கண்டிப்பானது என்பதற்கு 2024-இல் நேர்ந்த சம்பவம் ஒன்று சாட்சியாகும். கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ என்னும் எளிய மென்பொருளை ஒருவரே பல காலம் பராமரித்து வந்தார். அவருக்கு உதவ முன்வந்து, ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் நல்ல திருத்தங்களையே தந்து நம்பிக்கையைப் பெற்ற ஒருவர், 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புகளில் ஒரு மறைவழியைப் புதைத்து வைத்தார். தொலைவிலுள்ள சர்வர்களுக்குள் நுழைய உலகமெங்கும் வழங்கும் எஸ்எஸ்எச் வாயிலைத் தம் விருப்பம்போல் திறந்துகொள்ள வகைசெய்யும் மறைவழி அது. போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் ஆக்குநருள் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், டெபியனின் ‘சிட்’ என்னும் நிலைப்படாத கிளையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைக் காட்டிலும் அரை வினாடி தாமதிப்பதைக் கவனித்தார். அரை வினாடியைப் பொருட்படுத்தி அதன் காரணத்தைத் துருவிச் சென்ற அந்த மனிதரின் சிரத்தைக்கு உலகம் கடமைப்பட்டிருக்கிறது. 2024 மார்ச் 29-ஆம் நாள் அவர் செய்தியை வெளியிட்டார். இப்போது டெபியனார் 5.4.5 என்னும் பழைய, தூய பதிப்புக்குத் திரும்பவேண்டும், ஆனால் 5.6.1 ஏற்கெனவே நிறுவப்பட்ட கணினிகள் 5.4.5-ஐப் பழையதென்று ஒதுக்கிவிடுமே! ஆகவே அந்தப் பொதிக்கு ‘5.6.1+ரியலி5.4.5-1’ என்று பெயரிட்டு அனுப்பினார்கள். மேலே 5.6.1 என்ற சட்டை. மெய்யாக உள்ளே இருப்பது 5.4.5. பெயரிலேயே தன் சரித்திரத்தைச் சுமந்து நிற்கும் பொதி என்று அதைச் சொல்லலாம்.

நான் மேலே வியந்து பேசிய ஒப்பச் சங்கிலி இந்த ஆபத்தைத் தடுக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நஞ்சு கலந்த பொதி, முறையான வழியில் வந்து, முறையாக ஒப்பமிடப்பட்ட பொதியே. ஒப்பம், வழியில் எவரும் கைவைக்கவில்லை என்பதற்கு உறுதி தருமேயன்றி, ஊற்றே கெட்டிருந்தால் அதற்கு என்ன செய்யும்? பெரும்பாலோரைக் காத்தது டெபியனின் நிதானம். புதிய பொதி எதுவும் முதலில் சிட் கிளைக்குத்தான் வரும். அங்கே சில நாட்கள் பெருங்குறை ஏதும் புலப்படாமல் இருந்தால் ‘டெஸ்டிங்’ கிளைக்கு நகரும். ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை அக்கிளையை உறையவைத்து, பழுது நீக்கி, ‘ஸ்டேபிள்’ என்னும் ஸ்திரமான பதிப்பாக வெளியிடுவார்கள். அந்த நஞ்சு முதலிரு கிளைகளோடு நின்றுவிட்டது. ஸ்டேபிள் பதிப்பைத் தொடவில்லை.

இனி, இரண்டாம் கட்டளை. எந்தெந்தப் பொதிகளை மாற்றுவது என்று ஆப்ட் முதலில் கணக்கிடுகிறது. இந்தப் பொதிக்கு அது வேண்டும், அதற்கு இன்னொன்றின் இன்ன பதிப்புக்கு மேற்பட்டது வேண்டும், அந்த இன்னொன்றோ வேறொன்றோடு சேராது என்று நிபந்தனைகள் பின்னிக்கொண்டே போகும். பத்துப் பேர் உள்ள குடும்பத்தில் ஒரு சுபகாரியத்துக்குத் தேதி குறிப்பதே எத்தனை பாடு! எழுபதினாயிரம் உறுப்பினருள்ள குடும்பத்தில் எல்லாருடைய நிபந்தனையும் ஒருங்கே நிறைவேறும் சேர்க்கை உண்டா என்று காண்பது, கணிதவியலார் ‘என்பி முழுமை’ என்று குறிக்கும் கடின வகையைச் சேர்ந்தது என 2006-ஆம் ஆண்டளவில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் நிறுவினார்கள். எந்த நிலையிலும் விரைந்து விடை காணும் வழி இதுவரை எவருக்கும் தெரியாத வகை அது. நடைமுறையில் ஆப்ட் சில நொடிகளில் விடை சொல்லிவிடுவதற்குக் காரணம், பராமரிப்பாளர்கள் பொதிகளை முரண்பாடின்றி வைத்திருப்பதே. கணிதத்தின் கடுமையை மனிதரின் ஒழுங்கு தணிக்கிறது. ஆப்ட் அப்கிரேட் என்ற கட்டளை எச்சரிக்கையான சுபாவமுடையது: தேவையானால் புதிய பொதியைச் சேர்க்கும், இருப்பது ஒன்றையும் நீக்காது. ஏதேனும் ஒன்றை நீக்கினாலன்றி மேம்படுத்த இயலாத பொதியைத் தொடாமல், அது நிறுத்தி வைக்கப்பட்டது என்று அறிவித்துவிட்டு நகரும். நீக்கியும் முன்னேறுவதற்கு ‘ஃபுல் அப்கிரேட்’ என்ற தனிக் கட்டளை உண்டு. அதை இடும்போது, ‘இவை நீக்கப்படும்’ என்று திரை காட்டும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்த பிறகே சம்மதம் சொல்லவேண்டும்.

கணக்கு முடிந்து, பொதிகள் இறங்கி, குறிகள் பொருந்தியபின் நடப்பதுதான் என்னை எப்போதும் வியக்கவைப்பது. கோயில் திருப்பணியில் மூலவரின் சாந்நித்தியத்தைப் பாலாலயத்துக்கு மாற்றிவிட்டு, கருவறையில் வேலை தொடங்குவார்கள். லினக்ஸ் கணினியில் அப்படிப்பட்ட பாலாலயம் இல்லை. பூசை நடந்துகொண்டே இருக்க, தீபாராதனைக்கு மணி ஒலித்துக்கொண்டே இருக்க, மண்டபத்தின் தூணை உருவி வேறு தூணை நிறுத்தவேண்டும். இது எவ்வாறு கூடுகிறது?

யூனிக்ஸ் மரபில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. வட்டில் இருக்கும் உடலுக்கு ‘ஐநோடு’ என்ற எண்ணே அடையாளம். பெயர் என்பது அடைவு என்னும் பேரேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே எழுதிய ஒரு வரி. டிபிகேஜி, புதிய கோப்பைப் பழையதன்மீது எழுதுவதில்லை. பழையதன் பக்கத்திலேயே, பெயரின் இறுதியில் ‘டிபிகேஜி நியூ’ என்ற ஒட்டுடன் முழுமையாக எழுதி, அது வட்டில் உறுதியாகப் பதிந்ததா என்று பார்த்துவிட்டு, பிறகு பெயரை மட்டும் மாற்றுகிறது. பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயல். எந்தக் கணத்தில் பார்த்தாலும் அந்தப் பெயரில் பழைய கோப்போ புதிய கோப்போ முழுமையாக இருக்குமேயன்றிப் பாதி எழுதிய கோப்பு இராது. பழைய உடலை ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் நிரல்களுக்கோ, பேரேட்டில் பெயர் போய்விட்ட செய்தியே எட்டாது; அவை பழைய உடலோடு முன்போலவே இயங்கிக்கொண்டிருக்கும். கடைசி நிரல் கைவிட்ட பிறகே அந்த உடல் வட்டிலிருந்து மறையும்.

இந்த அழகிய ஏற்பாட்டின் நிழலிலேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. 2014 ஏப்ரல் 7-ஆம் நாள் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ என்னும் குறையை நினைத்துப் பார்க்கலாம். வலையில் மறையீட்டுக்குப் பெரும்பாலோர் சார்ந்திருந்த ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தில், இரு கணினிகள் ‘உயிரோடிருக்கிறாயா’ என்று ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. விசாரிப்பவர் ஒரு சொல்லை அனுப்பி, அது இத்தனை எழுத்து நீளம் என்றும் சொல்லி, அதையே திருப்பிச் சொல்லும்படி கேட்பார். சொன்ன நீளம் மெய்தானா என்று நிரல் சரிபார்க்கவில்லை. ஓரெழுத்தை அனுப்பி, நீளம் 64 ஆயிரம் என்று பொய் சொன்னால், சர்வர் அந்த ஓரெழுத்தோடு தன் நினைவகத்தில் அடுத்துக் கிடப்பவற்றையும், கடவுச்சொல்லோ, மறைகுறித் திறவுகோலோ எதுவாயினும், அள்ளிக் கொடுத்துவிடும். 2012 மார்ச்சில் வெளியான 1.0.1 பதிப்பு முதல் ஈராண்டுக் காலம் இது எவர் கண்ணிலும் படாமல் இருந்தது. டெபியனில் திருத்திய பொதி உடனே வந்தது. உலகெங்கும் நிர்வாகிகள் இரண்டு கட்டளைகளையும் இட்டார்கள். வட்டில் நிரலகம் மாறியது. ஆனால் வாரக்கணக்காக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த வலைச் சர்வர்களோ, பெயரிழந்த பழைய உடலையே கையில் பிடித்தபடி முன்போலவே கசிந்துகொண்டிருந்தன. அவற்றை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால்தான் புதியதை ஏற்கும். அதோடும் முடியவில்லை, திறவுகோல் களவு போயிருக்கலாம் என்பதால், புதிய திறவுகோலும் சான்றிதழும் வாங்கவேண்டியிருந்தது. இன்று ‘நீட்ரீஸ்டார்ட்’ என்ற கருவி, மேம்படுத்தல் முடிந்ததும், பழைய நிரலகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் சேவைகளைத் தேடிப் பெயர் சொல்லித் தருகிறது. அதை நிறுவிக்கொள்ளாத சர்வரில் செய்யும் மேம்படுத்தலை நான் முடிந்த வேலையாகக் கருதுவதில்லை.

அதே சம்பவத்தில் பலரைக் குழப்பிய மற்றொன்றையும் சொல்லவேண்டும். ஓபன்எஸ்எஸ்எல் குழுவினர் குறையை நீக்கி வெளியிட்ட பதிப்பு, 1.0.1 என்ற எண்ணோடு ‘ஜி’ என்ற எழுத்தைத் தாங்கியது. டெபியன் ஏழாம் பதிப்பை வைத்திருந்தவர்கள் மேம்படுத்திய பின்னும் தங்களிடம் ‘ஈ’ என்ற எழுத்தைத் தாங்கிய பழைய பதிப்பே இருக்கக் கண்டு பதறினார்கள். உண்மையில் டெபியனார் செய்தது, குறையை நீக்கும் சில வரிகளை மட்டும் எடுத்து, தம்மிடமிருந்த பழைய பதிப்பில் பதித்து, எண்ணின் வாலில் மட்டும் தம் திருத்தத்தைக் குறித்ததே. ஸ்டேபிள் பதிப்பின் தருமம் இதுதான். ஐந்தாண்டுக் காலம் ஒருவர் தம் அலுவலகத்தையோ ஆய்வுக்கூடத்தையோ அதன்மீது கட்டிவைத்திருக்கையில், ஓட்டையை அடைப்பதாகச் சொல்லிக் கதவின் அளவையும் மாற்றிவிட்டுப் போகலாகாது. புதிது வேண்டும் புதிது வேண்டும் என்று துடிப்பவர்களுக்கு இது தேக்கமாகத் தோன்றும். பழைய எண்ணுக்குள் புதிய திருத்தத்தைப் பதிக்கும் இந்தப் பொறுமையான கைவேலையைக் காட்டிலும் கடினமான பணி மென்பொருள் உலகில் குறைவு என்பது என் துணிபு.

கடினம் என்றேன்; தவறினால் எத்தகைய விபரீதம் விளையும் என்பதை டெபியனாரே தம் சரித்திரத்தில் கண்டிருக்கிறார்கள். 2006 செப்டம்பரில், இதே ஓபன்எஸ்எஸ்எல் பொதியில், பிழைகாணும் கருவி ஒன்று குறைகூறிய வரியைப் பராமரிப்பாளர் நல்லெண்ணத்தோடே நீக்கினார். அந்த வரிதான் திறவுகோல்களுக்கு வேண்டிய யூகிக்கவொண்ணாத எண்களைக் கலந்து ஊட்டிய வரி. அது போனபின், ஓடும் நிரலுக்குக் கணினி இடும் செயல்முறை எண் ஒன்றே எஞ்சியது. அதற்கு வழக்கமான வரம்பு 32,768. அளவிறந்த திறவுகோல்கள் இருக்கவேண்டிய இடத்தில், ஒவ்வொரு வகைக்கும் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சமே உண்டாயின. எவரும் அவற்றையெல்லாம் முன்கூட்டியே உருவாக்கி ஒரு பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளலாம். 2008 மே 13-ஆம் நாள் இது வெளியாகும்வரை, ஈராண்டுக்கு நெருக்கமான காலம், ஒப்பமிட்ட பொதிகளின் வழியாகவே உலகெங்கும் இந்தப் பழுது பரவியது. டெபியனார் அதை ஒளிக்கவில்லை. பெயர் சொல்லி, தேதி சொல்லி, எந்தெந்தத் திறவுகோல்களை எறிந்துவிடவேண்டும் என்று சோதிக்கும் கருவியையும் சேர்த்தே வெளியிட்டார்கள். அந்த நேர்மையினாலேயே என் நம்பிக்கை அவர்களிடத்தில் நீடிக்கிறது.

பெரிய வரலாற்றிலிருந்து என் மேசைக்கு வருகிறேன். ஐப்பசி மழை கொட்டிய ஓர் இரவில், நூற்றுக்கு மேற்பட்ட பொதிகளை மேம்படுத்திக்கொண்டிருந்தேன். திரையின் அடியில் முன்னேற்றப் பட்டை அறுபது விழுக்காட்டைத் தாண்டிய நேரம், மின்சாரம் நின்றது. மின்கலம் தேய்ந்துபோன பழைய மடிக்கணினி, கணத்தில் இருண்டுவிட்டது. விளக்கு வந்ததும் நடுங்கும் விரல்களோடு பொத்தானை அழுத்தினேன், கணினி எழுந்தது. ஆப்ட் கட்டளையை இட்டபோது, டிபிகேஜி இடையில் தடைபட்டது, அதன் அமைப்பு வேலையை முதலில் முடித்துக்கொள் என்று ஒரு வரி வந்தது. இடவேண்டிய கட்டளையும் அதே வரியில் இருந்தது. அதை அப்படியே இட்டேன். எந்தெந்தப் பொதி அவிழ்த்து வைக்கப்பட்டது, எது அமைக்கப்படாமல் நின்றது, எது பாதி அமைப்பில் நின்றது என்று டிபிகேஜி தன் நிலைக்குறிப்பேட்டில் ஒவ்வொரு படியிலும் எழுதி வைத்திருந்தது. விட்ட இடத்தில் தொடங்கி, ‘அமைக்கப்படுகிறது, அமைக்கப்படுகிறது’ என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி முடித்தது. நான் ஒரு கோப்பையும் இழக்கவில்லை. எந்த நொடியில் இருட்டினாலும் திரும்பி வந்து தொடரத்தக்கபடி ஒவ்வொரு படியையும் யாரோ ஒருவர் முன்யோசனையோடு எழுதியிருந்தார். அந்த இரவில் அவருக்கு மனதார நன்றி சொன்னேன்.

மேம்படுத்தலின் நடுவே டிபிகேஜி சிலபோது நின்று ஒரு கேள்வி கேட்கும். அமைப்புக் கோப்பு ஒன்றை நாம் கைப்பட மாற்றியிருந்து, புதிய பொதியிலும் அது மாறியிருந்தால், உன்னுடையதை வைக்கவா, என்னுடையதை ஏற்கிறாயா, இரண்டுக்கும் வேற்றுமை யாது என்று காட்டவா என்று கேட்கும். சோம்பலால் வெறுமனே விசையைத் தட்டினால், நம்முடையதை அப்படியே வைத்துக்கொண்டு, தான் கொணர்ந்ததைப் பக்கத்தில் வேறு பெயரில் வைத்துவிட்டுச் செல்லும். உரியவரின் கையெழுத்தை அவரைக் கேளாமல் அழிக்கலாகாது என்பது டெபியனின் எழுதப்பட்ட கொள்கை.

எஞ்சியிருப்பது, ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குத் தாவும் பெரிய மேம்படுத்தல். ‘புக்வார்ம்’ என்னும் பன்னிரண்டாம் பதிப்பிலிருந்து டிரிக்ஸிக்குச் செல்வோர், முதலில் உள்ள பதிப்பை முற்றிலும் திருத்தி முடித்து, தம் கோப்புகளுக்கு மறுபிரதி எடுத்து, வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்து, களஞ்சிய முகவரிக் கோப்பில் பழைய பெயர் உள்ள இடத்திலெல்லாம் புதிய பெயரை எழுதி, மறுபடியும் அதே முதற்கட்டளையை இடவேண்டும். பிறகு ‘நீக்காமல் மேம்படுத்து’ என்பதையும், அது முடிந்தபின் ‘நீக்கியும் மேம்படுத்து’ என்பதையும் வரிசையாக இடவேண்டும். இதற்காகக் கணினியை அழித்து மீண்டும் நிறுவவேண்டியதில்லை. பல பதிப்புகளாக ஒரே வட்டில் தொடர்ந்து மேம்பட்டு வந்த கணினிகள் உண்டு. சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் இந்திய வழங்கலும் டெபியனை அடித்தளமாகக் கொண்டதே. ஆகையால் இங்கே சொன்ன பொதியும் ஜாதகமும் டிபிகேஜியும் அதற்கும் உரியவை.

கெர்னல் ஒன்றுதான் மற்ற பொதிகளின் வழக்கத்துக்கு மாறானது. புதிய கெர்னல் பழையதன் இடத்தைப் பிடிப்பதில்லை. வேறு பெயரோடு பக்கத்திலேயே அமர்கிறது. ஓடிக்கொண்டிருப்பது பழையதே, கணினியை நிறுத்தித் தொடங்கும்போதுதான் புதியது ஆட்சிக்கு வரும். எல்லாச் சேவைகளும் மாறியபின் கடைசியாக அந்த மறுதொடக்கத்தைச் செய்து, கணினி எழுவதற்குமுன் தோன்றும் சிறு பட்டியலைக் கவனித்தால், முதல் வரியில் புதிய கெர்னல் இருக்கும். அதற்குக் கீழுள்ள உட்பட்டியலைத் திறந்தால், புதியது உங்கள் வன்பொருளோடு ஒத்துழைக்காமற்போனால் அழைத்துக்கொள்ளும்படி, பழைய கெர்னல் தன் எண்ணோடு அங்கேயே இருக்கும்.